வாளியக்காவின் இடது கை

மஞ்சள் காதுறை மாட்டிய தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கிறார் அக்கா. முக்கால்வாசி தண்ணீர் நிரம்பிய எவர்சில்வர் வாளி. அதற்குள் ஒரு கறுப்பு ரப்பர் குழாயின் முனை. மறுமுனை சுவரோரத்து வால்வில் மாட்டியிருக்கிறது. அக்காவின் வலது கை வால்வின் கைப்பிடியில். இடது கை, ஓடப் பார்க்கும் குழந்தையைப் பிடித்து நிறுத்துவதுபோல, வாளியின் இடுப்பில். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பெரிய குமிழி மேலே வந்து உடைகிறது.

"போ, போ. வெளியாளு," என்கிறார். இன்னொரு குமிழி. "நீயும் வெளியாளுதான். கிளம்பு."

இடம் ஒரு குளிர்பதனக் கிடங்கின் இயந்திர அறை. சுவருக்கு அந்தப் பக்கம் உறைந்த பட்டாணியும் மீனும் ஐஸ்கிரீமும் மலைமலையாகக் கிடக்கின்றன. அவற்றை உறைய வைப்பது, குழாய்களுக்குள் ஓயாமல் சுற்றிவரும் அம்மோனியா. எவ்வளவு இறுக்கி மூடினாலும் அந்தக் குழாய்களுக்குள் எப்படியோ கொஞ்சம் காற்றும் புகுந்துவிடும். புகுந்த காற்று ஒரு வேலையும் செய்யாது. இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து, வேலை செய்யும் அம்மோனியாவையும் மூச்சு முட்ட வைக்கும். எல்லா அலுவலகத்திலும் இப்படி நாலு பேர் உண்டு. அவர்களை வெளியேற்ற வழி கிடையாது. காற்றை வெளியேற்ற அக்காவிடம் வாளி இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு அவர் வாளியோடு உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் அவர் வாளியக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

வால்வைத் திறந்தால் காற்றும் அம்மோனியாவும் கலந்துதான் வரும். தண்ணீருக்குள் போனதும் இரண்டின் குணமும் வெளிப்பட்டுவிடும். காற்று குமிழியாகி, மேலே வந்து, உடைந்து, போயே போய்விடும். அம்மோனியா மேலே வராது. குழாய் முனையிலிருந்து எட்டிப் பார்க்கும்போதே தண்ணீர் அதை விழுங்கிவிடும். விழுங்கும்போது எண்ணெயில் கடுகு விழுந்ததுபோல ஒரு படபடப்பு. குமிழி குறைந்து படபடப்பு கூடிவிட்டால் காற்று தீர்ந்தது, இனி வருவதெல்லாம் சொந்தச் சரக்கு என்று பொருள். அந்த நொடியில் குழாயை உருவி வால்வை மூட வேண்டும். முன்னால் மூடினால் காற்று மிச்சம். பின்னால் மூடினால் அம்மோனியா நஷ்டம், அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் கண்ணீர்.

"பொரிய ஆரம்பிச்சுட்டா," என்பார் அக்கா. மறுகணம் வால்வு மூடியிருக்கும். அம்மோனியா அவருக்கு எப்போதும் 'அவள்'தான்.

நான் கதவருகே நின்று இதைப் பார்ப்பேன். இந்தக் கிடங்கில் எச்சரிக்கை நோட்டீஸ்களை இரண்டு மொழிகளில் எழுதி, அச்சடித்து, ஒட்டுவது என் வேலை. ஆபத்துகளைப் பற்றி நாள் முழுவதும் எழுதுகிறவன் எந்த அறையிலும் கதவைவிட்டு மூன்றடிக்கு மேல் உள்ளே போகமாட்டான். "வா தம்பி, கடிக்காது," என்று அக்கா கூப்பிடுவார். அந்தக் குரல் மூன்று கம்ப்ரசர்களின் இரைச்சலையும் தாண்டி வரும். கம்ப்ரசர்களுக்கும் அவர் முறை வைத்திருக்கிறார். கிழக்கு மூலையில் இருப்பது பெரியம்மா, பக்கத்தில் சின்னம்மா, எப்போதும் எண்ணெய் கசியும் மூன்றாவது, மச்சான். "மச்சானுக்குக் காலைலேயே ஒழுகுது பாரு, வெக்கமே இல்ல," என்று துடைத்துவிடுவார்.

கழுத்தில் எப்போதும் ஒரு ஈரத்துண்டு. வெளியே நடுங்கும் குளிரிலும் அது ஈரமாகத்தான் இருக்கும். அரை மணிக்கொரு முறை குழாயடியில் நனைத்துப் பிழிந்துகொள்வார். எங்காவது கசிந்தால் அதை மூக்கின்மேல் கட்டிக்கொண்டு வெளியேறிவிடலாம், மூக்குக்குள் போகும் முன் அம்மோனியாவைத் துண்டு குடித்துவிடும் என்பது கணக்கு. கசிவு நேரும் வாய்ப்பே இல்லாத இடங்களுக்கும் இது நீளும். சினிமாவுக்குப் போனாலும் கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஈரக் கைக்குட்டை இருக்கும். பித்தளையில் ஒரு பொருளும் அவரிடம் கிடையாது. அம்மோனியா பட்டால் பித்தளை பச்சையாகிவிடும் என்று வீட்டுப் பூட்டைக்கூட மாற்றிவிட்டார்.

"அவளுக்கு நம்ம மேல கோவமே இல்ல தம்பி. தண்ணி மேல ஆசை. நம்ம கண்ணுல தண்ணி இருக்கு, மூக்குல தண்ணி இருக்கு, தொண்டைல இருக்கு. அதத் தேடி வர்றா. நீ வேற தண்ணியக் காட்டிட்டா உன்ன விட்டுடுவா."

என் ஏழாம் நம்பர் நோட்டீஸ் இதையே பதினான்கு வரிகளில் சொல்கிறது. யாரும் படித்ததில்லை.

ஒருநாள் தேநீர் அறையில் எதிரே உட்கார்ந்து, என் வாயையே பார்த்தபடி கேட்டார். "நீ படிச்ச புள்ளதானே. காத்து தண்ணில நிக்காம ஓடுது. இவ மட்டும் ஏன் தண்ணியக் கண்டதும் கரைஞ்சு போறா?"

பள்ளிக்கூடத்தில் தமிழிலும் கல்லூரியில் வேறு மொழியிலும் இதை இரண்டு முறை படித்தவன் நான். இரண்டு முறையும் பரீட்சைக்கு முதல் நாள்தான் படித்தேன். ஒரு பழைய நோட்டீஸின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். நடுவில் நைட்ரஜன், கீழே மூன்று ஹைட்ரஜன். நைட்ரஜனின் தலையில் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கும் ஒரு ஜோடி எலக்ட்ரான். இந்தப் பக்கம் தண்ணீர். அதில் ஆக்சிஜன் எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஹைட்ரஜன் பாதி வெறுங்கையாக நிற்கிறது. அந்த வெறுங்கையைத் தண்ணீர் நீட்ட, அம்மோனியாவின் அந்த ஜோடி பிடித்துக்கொள்கிறது. பெயர் ஹைட்ரஜன் பிணைப்பு.

"அப்ப குடுக்குறது தண்ணி, வாங்கிக்கிறது இவ."

"பெரும்பாலும் அப்படித்தான்க்கா."

"எங்க வீட்டுக்காரர் மாதிரி. குடுக்கவே தெரியாது. பிடி எப்படி, கெட்டியா?"

"ரொம்ப லேசுக்கா. கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள கோடி கோடி தடவ விட்டுட்டு வேற ஒண்ணப் பிடிக்கும்."

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. முகம் சுருங்கியது. "இவ்ளோ நிலையில்லாததுங்களா? அப்புறம் எப்படி உள்ளேயே கெடக்கு?"

"விட்டதும் பக்கத்துல இன்னொண்ணு இருக்கும்ல. சுத்தி தண்ணிதானே. ஒரு லிட்டர் தண்ணி எழுநூறு லிட்டர் வாயுவ உள்ள வச்சுக்கும்."

அவர் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். "பஸ்ல நிக்கிற மாதிரினு சொல்லு. ஒரு கம்பிய விடுவோம், அடுத்த கம்பியப் பிடிப்போம். விட்டுவிட்டுப் பிடிச்சாலும் விழமாட்டோம்."

"ஆமாக்கா."

"இதுக்கா காலேஜ் வரைக்கும் போனே?"

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் அவர் செய்த ஒரு தவறைப் பற்றி அவரே சொன்னால்தான் உண்டு. மற்றவர்கள் சொன்னால் சண்டைக்கு வருவார். குழாயை வாளியில் போட்டுவிட்டு, வால்வைச் சரியாக மூடாமல், 'ஒரு வாய் டீ' குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தால் வாளி காலி. அறையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. உள்ளே அழுத்தம் இறங்கியிருந்த நேரம். குழாய்க்குள் இருந்த அம்மோனியா தண்ணீரோடு சேர, வெற்றிடமாகி, ஒரு வாளித் தண்ணீரையும் குழாய் உறிஞ்சி உள்ளே இழுத்துவிட்டது. "நான் டீ குடிச்சேன், அவ தண்ணி குடிச்சுட்டா," என்பார். உள்ளே போன தண்ணீரை வெளியே எடுக்க மூன்று நாட்கள் ஆயின. பட்டாணி எல்லாம் கஞ்சியானது. அன்றிலிருந்து, பதினெட்டு வருடமாக, குழாய் தண்ணீரில் இருக்கும்வரை அக்கா வாளியைவிட்டு நகர்ந்ததில்லை.

அவருடைய வீட்டுக்காரர் முடி வெட்டுகிறவர். எங்கள் தெருவின் திருப்பத்தில் கடை. மரப்பலகைத் தரை, இரண்டு சுழல் நாற்காலி, மூன்று சுவரிலும் கண்ணாடி. நான் அவரை மாமா என்று கூப்பிடுகிறேன். முடிச்சாயத்திலும் அம்மோனியா உண்டு என்பதால், மாலையில் அக்கா வந்து நுழைந்ததும் முதல் பேச்சு எப்போதும் ஒன்றுதான். "கடை நாறுது." "நீதான் நாறுற." அதோடு நலம் விசாரிப்பு முடிந்தது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து பூட்டும் நேரம்வரை காத்திருப்பார்.

மாமாவுக்குக் கத்தரி எவ்வளவோ கதையும் அவ்வளவு. மொத்தம் பதினைந்து கதை இருக்கும். தலை மாறும்போது கதை திரும்ப வரும். கதையின் முடிவில் வலது குதிகாலால் பலகைத் தரையை டக்கென்று ஒரு தட்டு தட்டுவார். சிரிக்க வேண்டிய இடம் அதுதான் என்று வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். கழுத்தில் கத்தி இருக்கும்போது சிரிக்காமலும் இருக்க முடியாது. சிரிக்காதவர் அக்கா மட்டும்தான்.

"முன்னாடியெல்லாம் நான் வாயத் திறக்குறதுக்குள்ள சிரிச்சுருவா தம்பி," என்றார் மாமா ஒருநாள், என் தலையைக் குனிய வைத்து. "இப்ப சுவரு மாதிரி உக்காந்திருக்கா. பத்து தடவ கூப்பிட்டா ஒரு தடவ திரும்புறா. வாளி சொன்னா கேக்குறா, நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. அலுத்துப் போச்சோ என்னவோ, இருபத்தாறு வருஷம் ஆச்சுல்ல." கத்தரி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அடுத்த கதை.

எனக்கு விஷயம் தெரிந்தது தேநீர் அறையில்தான். அக்கா எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தார். துண்டு கீழே விழுந்தது. "அக்கா, துண்டு," என்றேன். மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை சுவரில் ஒட்டியிருந்த பல்லி ஓடியது, அக்கா திரும்பவில்லை. நானே எடுத்து நீட்டியபோது, துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அதத்தான் நானும் சொல்றேன்," என்றார்.

அது அவருடைய கைவசம் இருந்த வாக்கியம். யார் எதைச் சொன்னாலும் பொருந்தும். நான்கு வருடமாக அதைக் கேட்டு, எவ்வளவு ஒத்துப்போகிற மனுஷி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை மேனேஜர், "உங்க லீவ கேன்சல் பண்ண வேண்டியதாப் போச்சு," என்றபோதும் அதையேதான் சொன்னார். பெருந்தன்மை என்று மேனேஜர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எதிரே உட்கார்ந்தால்தான் அக்கா பேசுவார். பேச ஆரம்பித்தால் மற்றவரைப் பேசவிடமாட்டார். இயந்திர அறைக்குள் எல்லாரும் காதுறை போட்டுக் கைச்சாடையில்தான் பேசிக்கொள்வார்கள். அங்கே அவருக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு அதற்கு மேல் ஒன்று உறைத்தது. வாளியிடம் தலையைச் சாய்க்கும்போதும் அவர் காதுறையைக் கழற்றியதே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இயந்திர அறையில் வேலை செய்கிறவர்கள் அனைவருக்கும் காது பரிசோதனை. தேறாதவர்கள் வேறு பிரிவுக்கு மாற்றப்படுவார்கள். இரண்டு மொழிகளிலும் எழுதி, பதினொன்றாம் நம்பராக ஒட்டியது நான்தான். ஒட்டும்போது அக்கா பின்னால் நின்று படித்தார். கடைசி வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

"வேற பிரிவுன்னா எங்க?"

நான் அவர் பக்கம் திரும்பி, வாய் தெரியும்படி சொன்னேன். "லேபிள் ஒட்டுற ரூம்தான்க்கா. அங்கதான் ஆள் குறையுதாம்."

"பட்டாணிப் பையில லேபிள் ஒட்டவா?" கம்ப்ரசர்கள் இருந்த திசையில் ஒரு பார்வை. "மச்சானுக்கு யாரு துடைப்பா?" அவர் என் சட்டைக் கையைப் பிடித்தார். "உனக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல? யார்கிட்டயும் சொல்லாத. அந்த ரூமுக்குப் போனா நான் நாலு நாள் இருக்கமாட்டேன் தம்பி. பதினெட்டு வருஷமா அவளோட பேசிட்டேன். பட்டாணியோட என்னத்தப் பேசுறது?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் தூங்காமல் இருந்தேன். அவர் உள்ளே இருக்கும்போது எதுவும் நேர்ந்தால் என்ற நினைப்பில், அந்த இரண்டு வாரமும் கதவிலிருந்து மூன்றடி உள்ளே நின்றவன் ஐந்தடி உள்ளே போய் நின்றேன். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்பது எனக்கும் தெரியாது.

பரிசோதனைக்குப் பயிற்சி கடையில் நடந்தது. பரிசோதனைக்கு முந்தைய வாரம் முடிவெட்டப் போனபோது நேரிலேயே பார்த்தேன். காலியாக இருந்த சுழல் நாற்காலியில் அக்கா விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மாமா பின்னால் நின்று, அவர் தலைக்கு மேல் வெறும் கத்தரியை 'சிக்' என்று சொடுக்கினார். அக்காவின் கை உயர்ந்தது. மாமா இரண்டடி பின்னால் போனார். சிக். கை உயர்ந்தது. கதவு வரை போனார். சிக். கை சட்டென்று உயர்ந்தது. "நூத்துக்கு நூறு!" என்று மாமா கத்தினார். "பாத்தியா தம்பி, இவளுக்கா காது கேக்கல? ஆந்தைக்குக் கேக்காதது இவளுக்குக் கேக்கும்!" அக்கா வெற்றிக் களிப்போடு துண்டை நனைக்கக் குழாயடிக்குப் போனார்.

எனக்கு எதிரே கண்ணாடி. அதில் மாமா, கதவு, கத்தரி எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிரேயும் அதே கண்ணாடிதான்.

சொல்லலாமா என்று நான் வாயைத் திறந்து மூடியதை மாமா பார்த்துவிட்டார். குனிந்து, என் கழுத்தில் துணியைக் கட்டும் சாக்கில் மெதுவாகச் சொன்னார். "முப்பது வருஷமா கண்ணாடி முன்னாடி நிக்கிறவன் நான். அவ கண்ணு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா? கேக்கல அவளுக்கு. எனக்கும் இந்த நோட்டீசு வந்தப்புறம்தான் புத்தி வந்துச்சு. அலுத்துப் போச்சுன்னுல்ல நெனச்சேன், மடையன்." துணியை இறுக்கினார், கொஞ்சம் அதிகமாகவே. "ஒரு வாரமாவது நிம்மதியா தூங்கட்டும். நீ ஒண்ணும் சொல்லிக்காத."

பரிசோதனை அறை ஒரு மரப்பெட்டி. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு பொத்தான், காதில் மாட்ட ஒரு கருவி. கண்ணாடி கிடையாது. அக்கா நுழையும்போதே சுவர்களைச் சுற்றிப் பார்த்தார் என்று பரிசோதித்த செவிலி பிறகு சொன்னாள். கால் மணி நேரத்தில் பொத்தான் நான்கே முறைதான் அழுத்தப்பட்டது. அதில் இரண்டு, சத்தமே வராதபோது.

மேனேஜர் கெட்டவர் அல்ல. அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அதற்கப்புறம்தான் சொன்னார். புதிதாக வந்திருந்த இன்ஜினியரம்மாவும் உட்கார்ந்திருந்தாள். படித்து முடித்து இரண்டு வருடம்கூட ஆகாதவள். எழுதிக்கொள்ள நான்.

"எனக்கு மட்டும் ஆசையாக்கா? அலாரம் அடிச்சா உங்களுக்குக் கேக்காது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

'அதத்தான் நானும் சொல்றேன்' வரும் என்று எதிர்பார்த்தேன். அக்கா அவர் வாயைப் பார்த்து முடித்துவிட்டு, நிதானமாகக் கேட்டார்.

"அங்க யாருக்கு சார் கேக்கும்?"

"என்னக்கா?"

"இந்தத் தம்பி ஒட்டின நாலாம் நம்பர் நோட்டீசு. காதுறை இல்லாம உள்ள வராதே. அதே தம்பி ஒட்டின ஒம்போதாம் நம்பர் நோட்டீசு. அலாரம் கேட்டதும் வெளிய போ. காதையும் மூடணும், கேக்கவும் செய்யணுமா? மூடின காதுக்கு எதுக்கு சார் பரீட்சை?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான்கையும் ஒன்பதையும் இரண்டு மொழிகளில் எழுதி, அடுத்தடுத்து ஒட்டியவன் நான். எந்த மொழியிலும் எனக்கு உறைக்கவில்லை. பேனாவைப் பார்த்துக்கொண்டேன்.

இன்ஜினியரம்மா சிரித்துவிட்டாள். ஆனால் எழுந்து போய் அன்றைக்கே சோதித்தும் பார்த்தாள். காதுறையோடு ஐந்து பேரை இயந்திர அறையில் நிறுத்தி, சொல்லாமல் அலாரத்தை அடித்தாள். ஒருவரும் திரும்பவில்லை. மச்சானுக்குப் பக்கத்தில் நின்றவர் கொட்டாவி விட்டார்.

மறுநாள் அக்காவைத் தேடி அவளே வந்தாள். எதிரே வந்து நின்று பேசினாள்; ஒரே நாளில் கற்றுக்கொண்டிருந்தாள். "அலாரத்துக்குச் சிவப்பு விளக்கு போட்டுடலாம்க்கா. சுத்துற விளக்கு, நாலு மூலையிலயும். எல்லாருக்குமே அதான் நல்லது. ஆனா வாளி? பொரியிற சத்தம் கேட்டாத்தானே எப்ப மூடுறதுன்னு தெரியும்? குமிழிய மட்டும் பாத்து மூட முடியாதுன்னு நீங்களே சொல்வீங்களாம்."

அக்கா கழுத்துத் துண்டை எடுத்துப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, "வெள்ளிக்கிழம பத்து மணிக்கு வா கண்ணு," என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாளி, குழாய், வால்வு எல்லாம் வழக்கம்போல. இன்ஜினியரம்மா அக்காவைக் கண்ணை மூடச் சொன்னாள். குமிழியையும் பார்க்கக் கூடாது. அக்கா பாதுகாப்புக் கண்ணாடிக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடது கையின் கையுறையைப் பல்லால் கடித்து உருவினார். கையுறையைக் கழற்றக் கூடாது என்பது நோட்டீஸ் ஆறு. வெறும் உள்ளங்கை வாளியின் வெளிப்பக்கத்தில், ஒடுக்கு விழுந்த இடத்தில் போய்ப் பதிந்தது. இத்தனை வருடமும் அது அங்கேயேதான் இருந்தது. நான்தான் அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வால்வு திறந்தது. குமிழி வந்தது, உடைந்தது. நான் என்னையறியாமல் எண்ணினேன். பெரியது, பெரியது, சிறியது. நீண்ட இடைவெளி. இன்னொரு சிறியது. அக்காவின் உதடு எதையோ முணுமுணுத்தது. கையின் நரம்பு மட்டும் அசைந்தது. அடுத்த குமிழிக்காக நானும் இன்ஜினியரம்மாவும் தண்ணீருக்கு மேல் குனிந்தோம். குமிழி வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் குழாய் வெளியே, வால்வு மூடியிருந்தது. அறையில் கண் கரிக்கவில்லை.

அக்கா கண்ணைத் திறந்தார். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், பரீட்சை பேப்பர் கொடுத்துவிட்டு நிற்பவரைப்போல.

"எத்தனை வருஷமாக்கா கையால?" என்று இன்ஜினியரம்மா வாயசைத்துக் கேட்டாள்.

"ஆறு வருஷம்."

"அப்ப அந்தத் தலையச் சாய்க்கிறது?"

"அது பாக்குறவங்களுக்கு."

இன்ஜினியரம்மா தன் கையுறையைக் கழற்றினாள். அக்கா வால்வை மறுபடி கொஞ்சம் திறந்து, குழாயைத் தண்ணீரில் விட்டு, அவள் கையை இழுத்து வாளியில் அழுத்தினார்.

"ஐயோ, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு! சூடா வேற இருக்கு!"

"எறும்பு இல்ல கண்ணு. உள்ள ஒண்ணு கைய விட்டுட்டு இன்னொண்ணு கையப் பிடிக்குது. தம்பிதான் சொன்னான்."

அறிவியல்படி அது அவ்வளவு சரியில்லை. குமிழி நொறுங்குவதன் அதிர்வு அது. திருத்தலாமா என்று யோசித்தேன். வெறுங்கையோடு இருவர் வாளியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் அறையில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்கா இயந்திர அறையிலேயே இருக்கிறார். நாலு மூலையிலும் சிவப்பு விளக்கு மாட்டியாகிவிட்டது. இடது கைக்கு மட்டும் மெல்லிய கையுறை ஒன்றை இன்ஜினியரம்மா தேடி வாங்கித் தந்திருக்கிறாள். காதுக்கருவிக்கு அளவு கொடுத்திருக்கிறார். வர இன்னும் மூன்று வாரம் ஆகுமாம். "வந்ததும் முதல்ல உன் கொறட்டையத்தான் கேக்கணும்," என்று மாமாவை மிரட்டியிருக்கிறார். நான்காம் நோட்டீஸையும் ஒன்பதாம் நோட்டீஸையும் நான் திருத்தி எழுதினேன். அக்கா படித்துப் பார்த்து ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடித்தார்.

நேற்று மாலை முடிவெட்டப் போயிருந்தேன். "கடை நாறுது." "நீதான் நாறுற." அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். மாமா என் தலையைக் குனிய வைத்து, ஒரு கதையை ஆரம்பித்தார். பதினைந்தில் அது ஒன்பதாவது, தலையில் தொப்பி ஒட்டிக்கொண்ட ஆளின் கதை. குதிகால் எங்கே தட்டும் என்பதுவரை எனக்கே மனப்பாடம். அக்கா இருபத்தாறு வருடமாகக் கேட்டது. கத்தரி என் காதோரம் நகர்ந்தது. ஓரக்கண்ணால் கண்ணாடியைப் பார்த்தேன். மாமாவின் வாய் அதில் நன்றாகவே தெரிந்தது. அக்கா கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஈரத்துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வலது காலின் செருப்பைக் கழற்றித் தள்ளிவிட்டு, உள்ளங்காலைப் பலகைத் தரையில் முழுசாகப் பதித்துக்கொண்டார்.